லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் எக்ஸ்டெண்டட் எடிஷன் வாங்கலாமா? சேலத்துல இருந்து வாங்கறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

அஸ்தம்பட்டியில எங்க வீட்டு ஷோகேஸ்ல இப்ப ரெண்டு செட் லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் இருக்கு. ஒண்ணு அமெரிக்காவுல இருந்து வந்த பழைய டிவிடி செட், எங்க ப்ளேயர்ல அது ஓடவே ஓடாது. இன்னொண்ணு 4கே எக்ஸ்டெண்டட் செட், அதாவது தியேட்டர்ல காட்டாத காட்சிகளையும் சேத்து நீட்டின வெர்ஷன், அது கஸ்டம்ஸ்ல பன்னெண்டு நாள் நின்னுச்சு, கைக்கு வந்தப்புறம் அதை ஓட்டற மெஷின் வீட்டுல இல்லன்னு தெரிஞ்சு இன்னும் ரெண்டு மாசம் பிரிச்ச பெட்டியாவே கெடந்துச்சு. ஆடி மாசம் ஆரம்பிச்ச வேலை, பொங்கல் லீவுலதான் மூணு படத்தையும் முழுசா உக்காந்து பாத்தேன்.

வாங்கலாமான்னு கேட்டா என் பதில் வாங்கலாம்தான். ஆனா எல்லாரும் இல்ல, எல்லா படத்துக்கும் இல்ல, அதுவும் நான் பண்ண வரிசையில இல்ல. நான் முதல்ல காசு கட்டிட்டு அப்புறம் ஒவ்வொண்ணா தெரிஞ்சுகிட்டேன், நீங்க ஒவ்வொண்ணா பாத்துட்டு கடைசியா காசு கட்டுங்க, அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

1. தியேட்டர் வெர்ஷன் பாத்தாச்சான்னு முதல்ல கேட்டுக்கோங்க

இன்னும் ஒரு தடவை கூட பாக்காதவங்க நேரா எக்ஸ்டெண்டட்ல ஆரம்பிக்காதீங்க. மூணு படம் தியேட்டர் வெர்ஷனே கிட்டத்தட்ட ஒம்பதேகால் மணி நேரம், அதைப் பாத்து முடிச்சப்புறம் "இந்த ஆள் என்ன ஆனான்"னு உங்களுக்கே கேள்வி வரணும், அந்தக் கேள்விக்கு பதிலாத்தான் எக்ஸ்டெண்டட் சீன்கள் வேலை செய்யுது. கதையே தெரியாம உக்காந்தா முதல் படத்துல பாதியிலயே இழுக்குதுன்னு எந்திரிச்சுப் போயிடுவாங்க. என் தங்கச்சிக்கு நான் அப்படித்தான் போட்டுக் காட்டினேன், அவ இன்னும் ரெண்டாவது படம் பாக்கல.

ஒரு தடவை பாத்தது போதும், மறுபடி பாக்கற பழக்கமே இல்லன்னு சொல்றவங்களும் இங்கயே நிறுத்திக்கலாம், உங்களுக்கு இந்தச் செலவு வேண்டாம்.

2. ரன்னிங் டைமை மனப்பாடம் பண்ணிக்கோங்க

அட்டைப்படம், டைட்டில், விக்கறவர் எழுதற விவரம் எதையும் நம்பாதீங்க. "காம்ப்ளீட்", "அல்டிமேட்", "கலெக்டர்ஸ்" அப்படின்னு எது வேணா போட்டுக்குவாங்க, உள்ள தியேட்டர் வெர்ஷன்தான் இருக்கும். நிமிஷக் கணக்கை மட்டும் பாருங்க.

முதல் படம் ஃபெலோஷிப் தியேட்டர்ல 178 நிமிஷம், எக்ஸ்டெண்டட் 208. ரெண்டாவது டூ டவர்ஸ் 179, எக்ஸ்டெண்டட் 223. மூணாவது ரிட்டர்ன் ஆஃப் தி கிங் 201, எக்ஸ்டெண்டட் 251. ஆகமொத்தம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல கூடுதல்.

இங்க ஒரு குழப்பம் வரும், கவனமா படிங்க. சில பெட்டியில 228, 235, 263னு போட்டிருக்கும். அதைப் பாத்துட்டு "அட முதல் படத்துலயே அம்பது நிமிஷம் எக்ஸ்ட்ரா"ன்னு சந்தோஷப்படாதீங்க. எக்ஸ்டெண்டட் எடிஷன்ல படம் முடிஞ்சப்புறம் ரசிகர் மன்றத்துல சேந்தவங்க பேரெல்லாம் வரிசையா ஓடும், முதல் படத்துல மட்டும் அது இருவது நிமிஷம் வரும். அதையும் சேத்துத்தான் அந்தப் பெரிய நம்பர். உண்மையான கூடுதல் காட்சி முதல் படத்துல சுமார் முப்பது நிமிஷம், ரெண்டாவதுல நாப்பத்திமூணு நாப்பத்திநாலு, மூணாவதுல அம்பது. நீங்க காசு குடுக்கறது அதுக்குத்தான்.

இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணு. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா பக்கம் வித்த டிவிடியில நேரம் கம்மியா காட்டும். அது அங்கத்த டிவிக்கான பால் (PAL) முறை, நொடிக்கு 24 ஃப்ரேம் எடுத்த படத்தை 25 ஃப்ரேமா ஓட்டுவாங்க, அதனால நாலு சதவீதம் வேகமா முடிஞ்சிரும். 251 நிமிஷப் படம் அதுல 241 நிமிஷம்தான் காட்டும், 223 நிமிஷம் 214 ஆயிடும். காட்சி எதையும் வெட்டல, பயப்பட வேண்டாம். ப்ளூரேலயும் 4கேலயும் இந்தப் பிரச்சனை கிடையாது.

ஓடிடியில தேடறவங்களுக்கும் இதே வைத்தியம்தான். படத்தோட பேருக்குக் கீழ எத்தனை மணி நேரம்னு போட்டிருக்கும் பாருங்க, மூணாவது படம் 3 மணி 21 நிமிஷம்னா அது தியேட்டர் வெர்ஷன், 4 மணி நேரத்தைத் தாண்டினா எக்ஸ்டெண்டட். உங்ககிட்ட ஏற்கனவே இருக்கற சப்ஸ்கிரிப்ஷன்ல எக்ஸ்டெண்டட் ஓடுதுன்னா அங்கயே ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் டிஸ்க் வாங்கறதப் பத்தி யோசிங்க.

3. எந்தப் படத்துக்குக் காசு போடலாம்

இது என் சொந்தக் கருத்துதான், ஆனா மூணு படத்தையும் ரெண்டு வெர்ஷன்லயும் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

டூ டவர்ஸுக்கு எக்ஸ்டெண்டட் கண்டிப்பா வேணும். தியேட்டர் வெர்ஷன்ல ஃபராமிர்னு ஒருத்தன் வருவான், மோதிரத்தைப் பாத்ததும் அதைச் சுமக்கற ஃப்ரோடோவைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவான், ஏன் இப்படி நடந்துக்கறான்னு நமக்குப் புரியாது, வில்லன் மாதிரியே தெரிவான். எக்ஸ்டெண்டட்ல ஒரு பழைய நினைவுக் காட்சி இருக்கு, அண்ணன் போரமிரும் தம்பி ஃபராமிரும் ஜெயிச்ச சந்தோஷத்துல நிக்கறப்ப அப்பா டெனதோர் வந்து பெரிய பையனைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு சின்னவனை எல்லார் முன்னாடியும் மட்டம் தட்டுவாரு. அஞ்சாறு நிமிஷம்தான். அதைப் பாத்தப்புறம் அவன் பண்றது ஒவ்வொண்ணும் வேற மாதிரி தெரியுது, மூணாவது படத்துல அப்பா முன்னாடி அவன் நிக்கற இடமும் சேந்து கனமாயிடுது. அண்ணன் தம்பியில ஒருத்தரை மட்டும் கொண்டாடற வீட்டுல வளந்த யாருக்கும் அந்தக் காட்சி உள்ள போயி உக்காந்துக்கும். எனக்கு உக்காந்துச்சு.

ஃபெலோஷிப்ல கூடுதல் முப்பது நிமிஷமும் மெதுவா, இதமா இருக்கும். ஹாபிட்டுங்கங்கற குட்டை மக்கள் எப்படி வாழ்றாங்கன்னு பில்போ சொல்ற ஆரம்பம், லாத்லோரியன் காட்டுல எல்ஃப் ராணி கலாட்ரியல் ஒவ்வொருத்தருக்கும் பரிசு குடுக்கற காட்சி. ஃப்ரோடோவோட தோழன் சாமுக்குக் கெடைக்கற கயிறு அடுத்த படத்தோட ஆரம்பத்துல பாறையில எறங்கறப்ப வரும், கிம்லி அவங்க தலைமுடி ஒண்ணு கேட்டான், மூணு குடுத்தாங்கன்னு சொல்ற இடமும் இங்கதான். எது எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியறது நல்லா இருக்கு, ஆனா இது இல்லாமலும் கதை நிக்கும்.

ரிட்டர்ன் ஆஃப் தி கிங்ல லாபமும் இருக்கு நஷ்டமும் இருக்கு. லாபம் சருமான். ரெண்டு படம் முழுக்க மெயின் வில்லனா வந்த மனுஷன் தியேட்டர் வெர்ஷன்ல முடிவே இல்லாம காணாமப் போயிடுவாரு, எக்ஸ்டெண்டட்ல அவரா நடிச்ச கிறிஸ்டோபர் லீக்கு முழுசா ஒரு முடிவு இருக்கு. கறுப்புக் கோட்டை வாசல்ல சாரோனோட தூதன் வந்து பேசற காட்சி, ஃபராமிரும் எயோவினும் வைத்தியசாலையில பாத்துக்கற காட்சி, இதெல்லாம் வாங்கினதுக்கு நியாயம் பண்ணுது. நஷ்டம் என்னன்னா கப்பல். தியேட்டர் வெர்ஷன்ல எதிரிக் கப்பல் வருது, அய்யோ எல்லாம் போச்சுன்னு நெனைக்கறப்ப அதுலருந்து அரகோர்ன் குதிப்பான், தியேட்டரே கத்தும். எக்ஸ்டெண்டட்ல அந்தக் கப்பலை அவன் மறிக்கற காட்சியை முன்னாடியே காட்டிடறாங்க, அப்புறம் கப்பல் வர்றப்ப திக்னு ஒண்ணும் இருக்காது. அதனால முதல் தடவை பாக்கறவங்களுக்கு மூணாவது படத்தை கண்டிப்பா தியேட்டர் வெர்ஷன்லயே போடுங்கன்னு அழுத்திச் சொல்வேன்.

இதுக்கு முந்தின கதையான ஹாபிட் மூணு படமும் வேற கணக்கு. முதலாவது 169ல இருந்து 182, ரெண்டாவது 161ல இருந்து 186, மூணாவது 144ல இருந்து 164. ரெண்டாவதுக்கு மட்டும் காசு போடலாம், குள்ளர் தலைவன் தோரினோட அப்பா த்ரையின் எக்ஸ்டெண்டட்லதான் வர்றாரு, பியோர்ன் வீட்டுக்குள்ள போற காட்சியும் நிதானமா இருக்கும். மூணாவதுல சேத்ததுல பெரும்பகுதி சண்டை, அமெரிக்காவுல அதுக்கு பதினேழு வயசுக்குக் கீழ இருக்கறவங்க பெரியவங்களோடதான் பாக்கணும்ங்கற ஆர் ரேட்டிங் குடுத்தாங்க, சின்னப் பசங்களோட பாக்கறவங்க மனசுல வச்சுக்கோங்க. தோரினோட இறுதிச் சடங்கு மட்டும் தியேட்டர்லயே இருந்திருக்கணும்.

ஹாரி பாட்டர் முதல் ரெண்டு படத்துக்கும் நீட்டின வெர்ஷன் உண்டு, முறையே ஏழு நிமிஷம், பதிமூணு நிமிஷம் கூடுதல். அதுக்காக தனியா எதுவும் வாங்காதீங்க.

4. வீட்டுல என்ன மெஷின் இருக்குன்னு பாருங்க

நான் தப்பு பண்ணது இங்கதான், ரெண்டு தடவை.

டிவிடிக்கு உலகத்தைப் பகுதி பகுதியா பிரிச்சு ரீஜியன் நம்பர் வச்சிருக்காங்க. அமெரிக்கா 1, இங்கிலாந்தும் ஐரோப்பாவும் 2, இந்தியா 5. ரீஜியன் 1 டிஸ்க்கை நம்ம ஊர் ப்ளேயர்ல போட்டா திரையில ஒரு எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். என் மொத செட் அப்படித்தான் வீணாப் போச்சு. செவ்வாய்ப்பேட்டையில ப்ளேயர் ரிப்பேர் பாக்கற அண்ணன்கிட்ட தூக்கிட்டுப் போனேன், "தம்பி, லோக்கல் ப்ளேயர்னா ரிமோட்ல ஒரு கோட் நம்பர் அடிச்சு எல்லா ரீஜியனுக்கும் தொறந்துடலாம், இது கம்பெனி ப்ளேயர், தொறக்காது, காசு குடுத்து இதை எங்கயும் செய்யாதீங்க"ன்னு நேர்மையா சொல்லி அனுப்பினாரு. கம்ப்யூட்டர் டிரைவ்ல போடலாமேன்னு தோணும், ஆனா அந்த டிரைவ்ல ரீஜியன் அஞ்சு தடவைதான் மாத்த முடியும், அஞ்சாவதுல எது இருக்கோ அதுலயே பூட்டிக்கும்.

ப்ளூரேக்கு ஏ, பி, சி னு மூணே மூணு. இந்தியா சி. அமெரிக்கா ஏ, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி. சில டிஸ்க் எல்லா ரீஜியனுக்கும் பொதுவா வரும், சிலது வராது, அதனால பெட்டியோட பின்பக்க போட்டோ கேட்டு வாங்கி அந்தக் குறி என்னன்னு பாத்துட்டுத்தான் ஆர்டர் போடணும்.

4கே டிஸ்க்குக்கு ரீஜியனே கிடையாது, எந்த நாட்டுல வாங்கினாலும் ஓடும். இதைப் படிச்சுட்டுத்தான் நான் தைரியமா 4கே செட் ஆர்டர் பண்ணேன். ஆனா சாதா ப்ளூரே ப்ளேயர்ல 4கே டிஸ்க் ஓடாது, ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் மெஷின் வேற. ப்ளேஸ்டேஷன் 4 ப்ரோ வச்சிருக்கறவங்களும் ஏமாறுவீங்க, பேர்ல ப்ரோன்னு இருந்தாலும் அது 4கே டிஸ்க்கைப் படிக்காது. டிஸ்க் டிரைவ் இருக்கற ப்ளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், ஒன் எக்ஸ், இதெல்லாம் படிக்கும். நான் கடைசியா செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஒன் எஸ் வாங்கித்தான் பாத்தேன், தனி 4கே ப்ளேயரை விட அது எனக்குக் கம்மியா முடிஞ்சுது. செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறப்ப ஒரு 4கே டிஸ்க்கைக் கையோட எடுத்துட்டுப் போயி அவங்க வீட்டுலயே போட்டு முழுசா பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்க, டிரைவ் போன மெஷின் நெறைய கைமாறுது.

டிவியையும் பாத்துக்கோங்க. டிவி 4கேவா இருந்தாலும் ஹெச்டிஎம்ஐ செட்டிங்ஸ்ல முழு 4கே சிக்னலை ஆன் பண்ணி வைக்கணும், நெறைய டிவியில அது ஆஃப்லதான் வரும். நடுவுல பழைய ஹோம் தியேட்டர் வச்சு அது வழியா கனெக்ட் பண்ணா படம் 4கேல வராம போகலாம், நேரா டிவிக்கே குத்திப் பாருங்க. 32 இன்ச், 40 இன்ச் டிவியில எட்டடி தள்ளி உக்காந்து பாக்கறவங்களுக்கு 4கே செட்டே வேண்டாம், ப்ளூரே போதும்.

5. எந்த செட்

இப்போதைக்கு மூணு வகை கைக்கு வரும்.

2002 லருந்து 2004 வரைக்கும் ஒவ்வொரு படமா வந்த நாலு டிஸ்க் டிவிடி பெட்டி. ரெண்டு டிஸ்க்ல படம், ரெண்டு டிஸ்க்ல படம் எடுத்த கதை. செகண்ட் ஹேண்ட்ல மலிவா கெடைக்கும், ரீஜியன் பாக்காம தொடாதீங்க.

2011ல வந்த பதினஞ்சு டிஸ்க் ப்ளூரே பெட்டி. படம் ஆறு ப்ளூரேல, மீதி ஒம்பது டிஸ்க் டிவிடி, அதுல எப்படி எடுத்தாங்கங்கற டாக்குமெண்டரி மணிக்கணக்குல இருக்கு. மினியேச்சர் கோட்டை கட்டினது, கவசத்துக்கு வளையம் வளையமா கோத்தது, கொரல் பதிவு, எல்லாம். சினிமா எடுக்கணும்னு நெனைக்கற பசங்களுக்கு இதுக்கு ஈடே இல்ல. ஒரு குறை, இந்த செட்ல முதல் படத்துக்கு லேசா பச்சை சாயம் ஏறின மாதிரி இருக்கும், பனியெல்லாம் வெள்ளையா தெரியாது, பழக்கப்பட்டா மறந்துடும். இன்னொரு விஷயம், அந்த ஒம்பது டிவிடிக்கும் டிவிடி ரீஜியன் விதி தனியா இருக்கு, ப்ளூரே ஓடுதேன்னு நம்பி வாங்கிட்டு டாக்குமெண்டரி ஓடாம நிக்காதீங்க.

2020 டிசம்பர்ல வந்த ஒம்பது டிஸ்க் 4கே பெட்டி. தியேட்டர் வெர்ஷன், எக்ஸ்டெண்டட் ரெண்டும் இதுலயே இருக்கு, கலரும் திருத்திட்டாங்க, டால்பி விஷன், அட்மாஸ் எல்லாம் இருக்கு. ஆனா அந்த டாக்குமெண்டரி ஒண்ணு கூட இதுல இல்ல. அதை எதிர்பாத்து வாங்கினா ஏமாந்து போவீங்க, நான் போனேன்.

என்னைக் கேட்டா, படம் மட்டும் போதும், பெரிய டிவி இருக்குன்னா 4கே. எப்படி எடுத்தாங்கன்னு தெரிஞ்சுக்கற ஆசை இருந்தா பழைய பதினஞ்சு டிஸ்க் பெட்டி. இரும்பு டப்பா, வெளி அட்டைன்னு அதுக்குத் தனியா ஆயிரம் ரெண்டாயிரம் கூட குடுக்கச் சொல்வாங்க, உள்ள அதே டிஸ்க்தான்.

வெளிநாட்டு செட்ல தமிழ் ஆடியோவும் தமிழ் சப்டைட்டிலும் வராது. இங்கிலீஷ் சப்டைட்டில் இருக்கும், வீட்டுல பெரியவங்களோட சேந்து பாக்கற திட்டம் இருந்தா இதை யோசிச்சுக்கோங்க, எங்கம்மா பக்கத்துல உக்காந்து நான் பன்னெண்டு மணி நேரம் கதை சொன்னேன்.

6. மொத்தச் செலவை பேப்பர்ல எழுதுங்க

அஞ்சு ரோட்டுலயும் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கமும் நான் ஏறி எறங்காத கடை இல்ல, டிஸ்க் விக்கற கடைன்னு இப்ப ஒண்ணும் கண்ணுல படல. ஆன்லைன்தான். இந்தியாவுக்குள்ளயே இருக்கற விற்பனையாளர்கிட்ட கெடைச்சா விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அங்கயே வாங்கிடுங்க, ஏன்னா வெளிநாட்டுல இருந்து வர்றப்ப டிஸ்க் விலை மட்டும் செலவு இல்ல.

கஸ்டம்ஸ் டியூட்டி போடறது டிஸ்க் விலைக்கு மட்டும்னு நெனைச்சேன். ஷிப்பிங், இன்சூரன்ஸ் எல்லாத்தையும் சேத்த தொகைக்குத்தான் டியூட்டி. உதாரணமா டிஸ்க் 6000, ஷிப்பிங் 2500னா 8500க்கு டியூட்டி, அப்புறம் அந்த டியூட்டியையும் கூட்டி அதுக்கு மேல ஜிஎஸ்டி. வரிக்கு மேல வரி. அதுக்கப்புறம் கூரியர்காரங்க உங்க சார்பா கட்டினதுக்கு ஒரு சர்வீஸ் சார்ஜ், அதுக்கும் ஜிஎஸ்டி. டியூட்டி ரேட் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், ஆர்டர் போடற அன்னிக்கு என்ன ரேட்னு பாத்து எழுதிக்கோங்க, நாலு வருஷம் முன்னாடி யாரோ கட்டின தொகையை வச்சுக் கணக்குப் போடாதீங்க. எனக்கு டியூட்டியும் சார்ஜும் சேந்து டிஸ்க் விலையில பாதிக்குக் கிட்ட போயிடுச்சு.

கிஃப்ட்னு எழுதி அனுப்பச் சொன்னா டியூட்டி இல்லன்னு ஒருத்தர் சொன்னாரு, அதை நம்பாதீங்க. அஞ்சாயிரம் ரூபா வரைக்கும் கிஃப்ட்டுக்கு இருந்த சலுகையை 2019 டிசம்பர்லயே எடுத்துட்டாங்க. பொய்யா எழுதி மாட்டினா பெட்டியே திரும்பி வராது.

கார்டுல வெளிநாட்டு கரன்சியில கட்டினா பேங்க் ரெண்டு லருந்து மூணரை சதவீதம் வரைக்கும் மார்க்கப் எடுக்கும், அதுக்கும் வரி. கட்டறதுக்கு முன்னாடி பேங்க் ஆப்ல இன்டர்நேஷனல் டிரான்ஸாக்ஷனை ஆன் பண்ணணும், வேலை முடிஞ்சதும் மறக்காம ஆஃப் பண்ணுங்க, நெறைய வெளிநாட்டு சைட் ஓடிபி கேக்காமலே காசை எடுத்துக்கும்.

எல்லாத்தையும் விட சுலபமான வழி, சிங்கப்பூர்லயோ துபாய்லயோ இருக்கற சொந்தக்காரங்க ஊருக்கு வர்றப்ப கொண்டு வரச் சொல்றது. பேக்கேஜ் அலவன்ஸுக்குள்ள வந்துடும், ஷிப்பிங் மிச்சம், டியூட்டி மிச்சம். என் அத்தை பையன் கார்த்திகைக்கு வர்றான்னு தெரிஞ்சும் அவசரப்பட்டு ஆர்டர் போட்டேன், "ஏன்டா மாப்ள, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பெட்டியில ஒரு ஓரமா போட்டுட்டு வந்திருப்பேன்ல"ன்னு இன்னும் சொல்லிட்டு இருக்கான்.

7. பேப்பர் வேலை

கூரியர்ல வந்தா கஸ்டம்ஸ் கிளியரன்ஸுக்கு கேஒய்சி, அதாவது நீங்க யாருங்கறதுக்கு அடையாளச் சான்று கேப்பாங்க. மெயில்லயோ மெசேஜ்லயோ லிங்க் வரும். முன்கூட்டியே இதையெல்லாம் போன்ல ஒரே ஃபோல்டர்ல வச்சுக்கோங்க: ஆதார் ரெண்டு பக்கமும், பான் கார்டு, விற்பனையாளர் குடுத்த இன்வாய்ஸ், காசு கட்டினதுக்கு பேங்க் ஸ்டேட்மெண்ட்டோ ஸ்கிரீன்ஷாட்டோ, டிஸ்க் பேஜோட ஸ்கிரீன்ஷாட் விலை தெரியற மாதிரி. கூரியர்காரங்க உங்க சார்பா கிளியர் பண்ண ஒரு அனுமதிக் கடிதமும் கேக்கலாம், மாதிரி அவங்களே தருவாங்க.

நம்ம ஊர்ல எல்லாருக்கும் இடிக்கப் போறது இனிஷியல். வெளிநாட்டு சைட்ல ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் ரெண்டும் கேக்கும், லாஸ்ட் நேம்ல ஒரே எழுத்து போட்டா ஏத்துக்காது, அதனால நான் அப்பா பேரை முழுசா போட்டேன். ஆதார்ல இனிஷியல் மட்டும்தான் இருக்கு. பேர் பொருந்தலன்னு நிறுத்தி வச்சுட்டாங்க, பன்னெண்டு நாள். தெனமும் போன் பண்ணா வேற வேற ஆள் எடுத்து முதல்ல இருந்து கதை கேப்பாங்க. கடைசியில அப்பா பேர் முழுசா இருக்கற என் பான் கார்டை அனுப்பினப்புறம்தான் விட்டாங்க. அதனால ஆர்டர் போடறப்பவே உங்க பான்லயோ ஆதார்லயோ எப்படி இருக்கோ எழுத்து மாறாம அப்படியே போடுங்க. அட்ரஸும் அதே மாதிரி, பழைய நம்பர் புது நம்பர் ரெண்டையும் எழுதி பின்கோடை ரெண்டு தடவை சரி பாருங்க.

தபால்ல வந்தா ஃபாரின் போஸ்ட் ஆபீஸ்ல டியூட்டி போட்டு அனுப்புவாங்க, போஸ்ட்மேன்கிட்டயோ நம்ம தபால் ஆபீஸ்லயோ காசு கட்டிட்டு வாங்கிக்கலாம். மெதுவா வரும், ஆனா அலைச்சல் கம்மி. தீபாவளியில இருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் எல்லாமே நெரிசல், வெளிநாட்டு சைட்ல நவம்பர் கடைசியில தள்ளுபடி போடறது உண்மைதான், அப்ப வாங்கினா பொங்கலுக்குத்தான் கைக்கு வரும்னு கணக்கு வச்சுக்கோங்க.

ஏற்காட்டுல இருக்கறவங்க இன்னும் ஒண்ணு கவனிங்க. எங்க மாமா வீடு அங்கதான், கூரியர் பாக்கெட் இருவது கொண்டை ஊசி வளைவு ஏறி வீடு தேடி வர்றது எப்பவும் நடக்கறது இல்ல, சேலத்துலயே வந்து வாங்கிக்கங்கன்னு போன் வரும். கீழ யாராவது சொந்தக்காரங்க அட்ரஸ் இருந்தா அதைக் குடுத்துடுங்க, ஆனா கேஒய்சி பேர் யாருதோ அவங்க ஆதார்தான் வேணும்.

8. பெட்டி வந்தன்னிக்கு

பிரிக்கறதுல இருந்தே வீடியோ எடுங்க. டிஸ்க் எண்ணிக்கை பாருங்க. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் எக்ஸ்டெண்டட் ப்ளூரேலயும் 4கேலயும் ஒவ்வொரு படமும் ரெண்டு டிஸ்க்கா பிரிஞ்சுதான் இருக்கும். அதையே "எக்ஸ்டெண்டட் 4கே, ஒரு படத்துக்கு ஒரு டிஸ்க்"னு யாராவது குடுத்தா அது கள்ளப் பிரதி. டிஸ்க்கோட அடிப்பக்கம் ஊதா சாயமா இருந்தா அது கம்ப்யூட்டர்ல ரைட் பண்ண டிவிடி. அட்டையில எழுத்து மங்கலா, லேசா கலங்கி இருந்தாலும் சந்தேகப்படுங்க.

அப்புறம் எல்லா டிஸ்க்கையும் போட்டு ஆரம்பம், நடு, கடைசின்னு மூணு இடத்துலயும் கொஞ்சம் ஓட்டிப் பாருங்க. ரெண்டு அடுக்கு டிஸ்க் உள்ள இருந்து வெளிய ஓடி மறுபடி உள்ள திரும்பும், ஓரத்துல கீறல் இருந்தா நடுவுலதான் தெரியும். திருப்பி அனுப்பற கெடு முடிஞ்சு நாலு மாசம் கழிச்சு மூணாவது படத்தோட உச்சக்கட்டம் நடக்கற மவுண்ட் டூம் மலையில வந்து படம் நின்னா ஒண்ணும் பண்ண முடியாது.

9. வச்சுக்கறதும் உக்காந்து பாக்கறதும்

சேலத்துல வெயில். சன்னல் பக்கத்துல, டிவிக்கு மேல, இன்வர்ட்டர் பக்கத்துல வைக்காதீங்க. ஏற்காட்டுல நேர்மாறு, சுமார் 1500 மீட்டர் உசரம், மழைக்காலத்துல வாரக்கணக்கா பனி எறங்கும், மாமா வீட்டு அலமாரியில இருந்த பழைய டிவிடி கவர் எல்லாம் பூஞ்சை பூத்து டிஸ்க்லயே ஒட்டிக்கிட்டிருந்துச்சு. ஷூ பெட்டியில, மாத்திரை டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட்டைச் சேத்து வச்சு காத்து போகாத பிளாஸ்டிக் டப்பாவுல டிஸ்க்கோட போடுங்க, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கெட்டை மாத்துங்க. தொடைக்கறப்ப மெத்துன்னு துணியால நடுவுல இருந்து ஓரத்துக்கு நேர்கோட்டுல, வட்டமா தேய்க்கக் கூடாது. மலை மேல வோல்டேஜ் ஏறி எறங்குது, ப்ளேயருக்கு ஸ்டெபிலைசர் இல்லாம போடாதீங்க.

மூணையும் ஒரே நாள்ல பாக்கணும்னு ஆசை இருந்தா பேர் ஓடறதை விட்டுட்டாலும் பதினோரு மணி நேரத்துக்கு மேல வேணும். முந்தின நாள் பேப்பர்ல நாளைய மின்தடைப் பகுதிகள் லிஸ்ட்ல உங்க ஏரியா இருக்கான்னு பாருங்க. நாங்க பாக்காம காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சோம், ஒம்பது மணிக்கு கரண்ட் போச்சு, முதல் படத்துல லாத்லோரியன் தாண்டி படகு எறங்கற நேரம். சாயங்காலம் வந்தப்புறம் அங்கருந்து தொடர்ந்து பாத்து முடிக்க மறுநாள் காலையில நாலு மணி. ஒவ்வொரு படத்துலயும் முதல் டிஸ்க் முடியற இடம் கிட்டத்தட்ட நடுவுலதான் வருது, சாப்பாடு, டீ எல்லாத்தையும் டிஸ்க் மாத்தற அந்த நேரத்துக்கு வச்சுக்கோங்க.